செவ்வாய்க்கிழமை வறட்சி

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சலவைக்கடைக்காரர் குழாயைத் திறந்தார். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு பேசவில்லை.

கடையில் நான்கு சலவை இயந்திரங்கள். அவற்றின் முன்னால் மகப்பேறு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் நூற்று எண்பது, மூட்டைகளாகக் கிடந்தன. அதுவரை ஏழு ஆண்டுகளாகச் செவ்வாய் கடைக்கு விடுமுறை. அன்று அவரும் மனைவியும் மாமியார் வீட்டில் இருப்பார்கள். அங்கே கிணறு உண்டு. மருத்துவமனை வேலை கிடைத்ததால்தான் இந்தச் செவ்வாய் கடையைத் திறந்தார்கள். வாரம் ஏழு நாளும் துவைப்போம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய வேலை. அது போனால் நான்கு இயந்திரங்களில் இரண்டை விற்க வேண்டும். தெருவில் உள்ளவர்களின் சட்டைகளுக்கு இரண்டே அதிகம்.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்.

"செவ்வாய்க்கிழமை எப்படிண்ணே வரும்? எட்டு மாசமா வர்றதில்லையே."

"எட்டு மாசமாவா? யாரும் சொல்லலையே."

"உங்க கடைக்கு வர்றவங்க பொத்தான் போச்சுன்னு சண்டை போடவே நேரம் போதலை. இதை எப்பச் சொல்வாங்க?"

"ஏன் வர்றதில்லை?"

"இயற்கையாம்."

மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் நாற்பது விரிப்புகளுக்குப் போதுமானதாக இருந்தது. மாலை நான்கு மணிக்கு வேனில் வந்த தலைமை நர்ஸ் நாற்பதையும் எண்ணினார். மீண்டும் எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் நாற்பதுதான்.

"செவ்வாய்க்கிழமைன்னு பார்த்து யாரும் பிள்ளை பெத்துக்காம இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா."

"இன்னும் ரெண்டு செவ்வாய் பொறுத்துக்கறேன். நாலாவது செவ்வாய் நூத்தி எண்பதும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன். வேற கடை பார்த்துக்குவோம்."

வேன் போனதும் கடைக்காரர் நீர் வழங்கல் துறைக்குப் போனார். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம் நின்றது. அதன் நெற்றியில் 'என்னிடம் பேசுங்கள்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அதுகிட்ட நேரடியாப் பேசாதீங்க. அதுக்கு நம்ம பேச்சு புரியாது. என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்றேன்."

"கடையில தண்ணி வரலைங்க."

எழுத்தர் இயந்திரத்தின் பக்கம் குனிந்து, "நீரின்மை," என்றார்.

"இன்று செவ்வாய்க்கிழமை," என்றது இயந்திரம், தேன் ஒழுகும் குரலில். "தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி." வயிற்றிலிருந்து ஒரு சீட்டு வந்தது. குறை தீர்ந்தது என்று அதில் அச்சாகியிருந்தது.

"சொல்லிடுச்சு. அடுத்த ஆள் வாங்க."

"என்ன சொல்லிடுச்சு?"

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைன்னு."

"அது எனக்கே தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். அதுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? அங்கதான் நிக்குது தொழில்நுட்பம்."

திரும்பும்போது சுவரில் ஒரு பெரிய வரைபடத்தைப் பார்த்தார். தலைப்பு: 'அறிவுநீர் கண்ட உண்மை'. வாரா வாரம் செவ்வாய்க்கிழமையில் கோடு தரையைத் தொட்டு எழுந்தது. ஓரிடத்தில் மட்டும், ஜூன் ஒன்பது முதல் பதினேழு வரை, எழவே இல்லை. படுத்தே கிடந்தது.

ஜூன் ஒன்பது. கடைக்காரருக்கு இடது முழங்கால் வலித்தது.

கடைக்கு வருமுன் அவர் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவர். அலுவலகம் மூடியது. மாமனாரின் சலவைக்கடைக்கு வந்தார். தண்ணீர் வரும் நேரத்தை நான்கு ஆண்டுகள் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்தார். பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றி, நாளை எத்தனை மணிக்கு வரும் என்று கணிக்க ஒரு நிரல் எழுதினார். மொத்தம் நாற்பத்தொரு வரி. விடுமுறை நாட்களில் காலண்டர் காலியாக இருந்தது. காலிக் கட்டம் வந்தால் நிரல் நின்றுவிட்டது. எனவே பதினேழாவது வரியில், 'காலி என்றால் பூஜ்யம்' என்று எழுதினார். நிரல் ஓடியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், இலவசம் என்று குறிப்பு எழுதி, காலண்டர்க் கணக்கோடு சேர்த்து இணையத்தில் வைத்தார். திறந்த மூல நிரல் என்று அதற்குப் பெயர். வைத்ததை மறந்துவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

அதை ஒரு மாணவன் எடுத்தான். மாணவனிடமிருந்து ஒரு ஆய்வுக்கூடம் எடுத்தது. ஆய்வுக்கூடத்திடமிருந்து ஒரு நிறுவனம் எடுத்து, அதன்மேல் செயற்கை நுண்ணறிவைக் கட்டி, அறிவுநீர் என்று பெயர் வைத்துத் துறைக்குக் கொடுத்தது. மேலே எத்தனை மாடி கட்டியிருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். கீழே குனிந்து யாரும் பார்க்கவில்லை. கீழே ஒரு சலவைக்கடைக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

அறிவுநீர்ப் பிரிவின் இயக்குநர் மக்களை வாரம் ஒரு நாள்தான் சந்திப்பார். அது செவ்வாய்க்கிழமை. எனவே அடுத்த செவ்வாய் வரை கடைக்காரர் காத்திருந்தார்.

"உட்காருங்க," என்றார் இயக்குநர். கண்ணாடிபோல் தேய்த்த கோட்டு. தேய்ப்பு நன்றாக இருந்ததைக் கடைக்காரர் கவனித்தார். "மனுஷன் நாலாயிரம் வருஷமாத் தண்ணியப் பார்த்துக்கிட்டிருக்கான். செவ்வாய்க்கிழமை அது வர்றதில்லைன்னு ஒருத்தனாவது கண்டுபிடிச்சானா? அறிவுநீர் நாலு விநாடியில கண்டுபிடிச்சுது."

"ஏன் வர்றதில்லைன்னு சொல்லுச்சா சார்?"

"சொல்லலை. காரணத்தோட சொன்னா அது சாதாரண அறிவு. காரணம் சொல்லாம முடிவை மட்டும் சொல்லணும். அதுக்குத்தான் செயற்கை நுண்ணறிவு வேணும். எங்க துறை முப்பது வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கு, ஆனா கையால."

"கண்டுபிடிச்சதும் என்ன சார் செஞ்சீங்க?"

"திங்கள் ராத்திரியே ஏரி வால்வை மூடிட்டோம்."

"ஏன் சார்?"

"வராத தண்ணிக்கு வால்வைத் திறந்து வைக்கலாமா? பொதுச் சொத்து தேஞ்சு போகாது?"

"மூடின பிறகு?"

"சொன்னது சொன்னபடி நடந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஒரு சொட்டு வரலை. நூத்துக்கு நூறு துல்லியம். உடனே செவ்வாய்க்கிழமை வறட்சிப் பிரிவுன்னு தனியா ஆரம்பிச்சோம். அறுபத்திரண்டு பேர். வறட்சியை எப்படிச் சமாளிக்கறதுன்னு வீடு வீடாத் துண்டுப் பிரசுரம் குடுக்கறாங்க." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ஜூன்ல ஒரு குட்டி வறட்சி இருக்கு. ஒன்பதுல இருந்து பதினேழு வரைக்கும். அதுதான் எங்களுக்கே பிடிபடலை. மூணு பேராசிரியர்ங்க பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தர் நிலான்னு சொல்றார்."

"அது என் கால் சார்."

கடைக்காரர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டினார். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மரியாதையுடன் பார்த்தார்.

"படியில விழுந்து உடைஞ்சுது. ஒன்பது நாள் கடைக்குப் போகலை. காலண்டர்ல எழுத ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் சார், கடை லீவு. தெரியாதுன்னு இருக்கற இடத்துல இல்லைன்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது. பதினேழாவது வரியில 'பூஜ்யம்'ங்கறதை எடுத்துட்டு 'விட்டுவிடு'ன்னு போட்டாப் போதும். ஒரே வார்த்தை."

"தெரியாதா?" இயக்குநர் யோசித்தார். "எங்க படிவத்துல உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான். தெரியாதுன்னு ஒரு கட்டமே கிடையாது. துறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்களுக்குத் தெரியாததுன்னு எதுவும் வந்ததில்லை."

கோப்புடன் உதவியாளர் உள்ளே வந்தார். நிரலின் வழங்குநர் பெயர் என்ற இடத்தில் 'திறந்த மூலம்' என்று இருந்தது.

"இந்தத் திறந்த மூலம் நிறுவனத்துக்கு மூணு கடிதம் போட்டாச்சு," என்றார் உதவியாளர். "பதிலே இல்லை. முகவரி தெரியாம மூணும் திரும்பி வந்துடுச்சு. அடுத்த மாசம் கறுப்புப் பட்டியல்ல சேர்க்கறோம்."

"அது நிறுவனம் இல்லீங்க. நான் எழுதினது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு வெச்சேன்."

"நீங்க அதுல யாரு?"

"நான் மட்டும்தான்."

இருவரும் எழுந்து நின்றார்கள். "நிர்வாக இயக்குநரைப் போய் மரநாற்காலியில உட்கார வெச்சிட்டோமே," என்றார் இயக்குநர். மெத்தை நாற்காலி வந்தது. டீ வந்தது. கடைக்காரர் மெத்தையின் நுனியில் உட்கார்ந்து, டீயைக் குடிக்கலாமா என்று யோசித்தார்.

"திருத்தத்துக்கு என்ன விலை?" என்றார் உதவியாளர்.

"இலவசம்தாங்க."

உதவியாளர் கோப்பை மூடினார். "இலவசமா வாங்க விதியில்லை. மூணு பேர்கிட்ட விலை கேட்கணும்."

"ஒரு வார்த்தையைச் சும்மா மாத்திக் குடுக்கறேன்னு சொல்றேன். அதுக்கு மூணு பேரா?"

"மூணு இலவசத்துல எது குறைச்சலோ, அதைத்தான் எடுக்க முடியும்."

இயக்குநர் கடைக்காரரின் தோளில் கை வைத்து வாசல் வரை வந்தார். "கவலைப்படாதீங்க. உங்க நிறுவனத்துக்கு ஆய்வுக் குழு வரும். அப்புறம் கமிட்டி. தொண்ணூறு நாள்ல முடிச்சிடலாம். அதுவரைக்கும் அந்த வரியைத் தொடாதீங்க. அது இப்ப முக்கியக் கட்டமைப்பு."

ஆய்வுக் குழு மூன்றாவது செவ்வாய் வந்தது. இரண்டு பேர், நூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம். கடையில் இஸ்திரி போடும் அக்கா வழிவிட்டு நின்றார்.

"இயந்திரங்கள் எத்தனை?"

"நாலு. ஒண்ணு அப்பப்ப அழும்."

"குளிரூட்டும் முறை?"

"கதவைத் திறந்து வைப்போம்."

முதலாமவர், 'இயற்கை முறை' என்று எழுதினார். "பாதுகாப்பு அதிகாரி?"

"நான்தான்," என்றார் இஸ்திரி அக்கா. "என்னைத் தாண்டி ஒரு கைக்குட்டைகூட வெளியே போகாது."

"மூலத் தரவு எங்கே?"

ஆணியில் தொங்கிய நான்கு காலண்டர்களைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இருவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். ஓரத்தில் வேறு குறிப்புகளும் இருந்தன. பொத்தான் மூன்று. நீலச் சட்டை, சாயம் போனது, சொல்லவில்லை. அத்தை வருகை.

"இதையெல்லாம் அறிவுநீர் படிச்சிருக்கா?"

"இல்லை சார். நேரத்தை மட்டும்தான் ஏத்தினேன்."

"பாவம்," என்றார் இரண்டாமவர். "அத்தை வந்ததே அதுக்குத் தெரியாது."

அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. 'நிறுவனம் இயங்குகிறது. ஊழியர் ஒழுக்கம் நன்று. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வேலை நடைபெறுவதில்லை. காரணம், தண்ணீர் இல்லை. இதற்கு நிறுவனமே பொறுப்பு.'

கடைக்காரர் இரண்டு முறை படித்தார். தவறு எதுவும் தென்படவில்லை.

சனிக்கிழமை மனைவி தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்டார். "ஏங்க, அந்த வரியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இப்ப அது எங்க இருக்கு?"

"நான் வெச்ச இடத்துலதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அறிவுநீர் அங்க வந்து புதுசா ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டுப் போய் முதல்ல இருந்து படிக்குமாம். படிச்சிட்டு வால்வுக்காரருக்குச் சீட்டு அனுப்புமாம்."

"யாரையும் கேட்காமலா?"

"கேட்காது."

"அது கேட்காமலேயே எடுக்குது. நீங்க உங்க சொந்தத் தப்பைத் திருத்த ஊரெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு நிக்கறீங்க. மூணு வாரமா விரிப்பு நாத்தத்துல நான் நிக்கறேன்."

"முக்கியக் கட்டமைப்புன்னு சொன்னாரும்மா."

"எது? நீங்க கால் உடைஞ்சு கிடந்ததா?"

கடைக்காரர் பழைய கணினியைத் துடைத்துத் திறந்தார். பதினேழாவது வரி அப்படியே இருந்தது, எழுதியவரை அடையாளம் தெரியாத முகத்துடன். பூஜ்யத்தை அழித்தார். 'விட்டுவிடு' என்று எழுதினார். ஏன் மாற்றினீர்கள் என்று கணினி கேட்டது. 'இனி கடைக்கு லீவு இல்லை' என்று பதில் எழுதிவிட்டு மூடினார்.

நான்காவது செவ்வாய். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். குழாய் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை தும்மியது. பிறகு கொட்டியது.

மனைவி கைதட்டினார். இஸ்திரி அக்கா நான்கு இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். அழும் இயந்திரம்கூட அன்று அழவில்லை.

எட்டு மாதத்தில் நகரம் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தது. திங்கள் இரவு யாரும் குழாயை மூடுவதில்லை. வராததை எதற்கு மூட வேண்டும்? வீடுகள் நிரம்பின. செவ்வாய்க்கிழமைதான் குழாய் பழுது பார்ப்பவர்கள் தெருவெல்லாம் குழாயைக் கழற்றிப் போடுவார்கள். கழற்றியவர் கழற்றியபடி நனைந்தார். பூங்கா நீரூற்றின் காலித் தொட்டிக்குள் செவ்வாய்தோறும் சதுரங்கம் ஆடும் நான்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இது யாருடைய ஆட்டம் என்று கத்திக்கொண்டே வெளியே ஏறினார்கள்.

துறையின் மாடியில் 'செவ்வாய்க்கிழமை வறட்சி: சவால்களும் வாய்ப்புகளும்' கருத்தரங்கு நடந்தது. அதற்கும் மேலே தொட்டிக்குள் ஒருவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பத்தேகாலுக்கு அவர் தூரிகையோடு மிதந்து மேலே வந்தார்.

கீழே இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "எட்டு மாதமாக ஒரு சொட்டு," என்றார். தாளின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தார். "ஒரு சொட்டுக்கூட," என்றார். இன்னொன்று விழுந்தது. செயல்முறை விளக்கம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. கைதட்டல் தீருவதற்குள் கூரையின் அட்டை ஒன்று வாய் பிளந்து மேடையைக் கழுவிவிட்டது. நிலா என்று சொன்ன பேராசிரியர் எழுந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார்.

வாசலில் இடுப்பளவு தண்ணீரில் இயந்திரம் நின்றது. எழுத்தர் ஸ்டூலின்மேல் ஏறி, அதன் காதில், "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்தினார்.

"இன்று செவ்வாய்க்கிழமை," என்றது இயந்திரம். "தங்கள் மகிழ்ச்சியே..." பிறகு ஒரு குமிழி விட்டது. ஈரமான சீட்டு ஒன்று மிதந்து போனது. குறை தீர்ந்தது.

மூன்று மணிக்குள் நூற்று எண்பது விரிப்புகளும் துவைத்து, காயவைத்து, மடித்து மேசையில் அடுக்கியாயிற்று. கடைக்காரர் எண்ணினார். மனைவி எண்ணினார். இஸ்திரி அக்காவும் எண்ணினார். மூன்று கணக்கும் ஒன்றாக இருந்தன.

மூன்றரைக்கு இயக்குநர் வந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல் கிடுகிடுத்தது. நேராக மறைப்புக்குப் பின்னால் போய்க் கோட்டு, சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேலே வீசினார். "அவசரம்," என்று குரல் வந்தது. "அஞ்சு மணிக்கு அமைச்சர் கூப்பிட்டிருக்கார்." பிறகு வெறுங்கை ஒன்று வெளியே நீண்டு, மேசையைத் தடவி, மேலே இருந்த விரிப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

வெளியே வந்தபோது அவர் மார்பின் குறுக்கே 'மகப்பேறு வார்டு' என்று எழுதியிருந்தது.

"நீங்கதானே மாத்தினீங்க?"

"ஒரே வார்த்தை சார்."

"உங்களைக் குறை சொல்ல வரலை. தண்ணி வந்தது சந்தோஷம்தான்." இயக்குநர் இஸ்திரி மேசையின் சூட்டுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். "ஆனா அறுபத்திரண்டு பேர் இருக்காங்க. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. வறட்சி இல்லைன்னா அவங்களை எங்க கொண்டு போய் வைக்கறது? தண்ணிப் பிரிவுக்கு அனுப்பலாம்னா, அவங்க யாருக்கும் தண்ணியில அனுபவமே இல்லை."

"அதுக்கு நான் என்ன சார் செய்யறது?"

"அமைச்சர் முதல் கேள்வியே துல்லியம் எவ்வளவுன்னுதான் கேட்பார். எட்டு மாசமா நூத்துக்கு நூறுன்னு சொல்லியிருக்கேன். வாரத்துல ஏதாவது ஒரு நாள் தண்ணி வராதுன்னு சொல்லி, அது வராம இருந்துட்டா நான் தப்பிச்சேன். செவ்வாய் உங்களுக்கு வேணும், எடுத்துக்குங்க. பெரிய மனசு பண்ணி வேற ஒரு நாள் கடைக்கு லீவு விடுங்க. பதினேழாவது வரி பழையபடி இருக்கட்டும். துண்டுப் பிரசுரம் அஞ்சு லட்சம் இருக்கு, கிழமை மேல மட்டும் சீட்டு ஒட்டிக்கறோம்."

"உங்க ஆளுங்களே அந்த வரியை எழுதிக்கலாமே சார். திறந்துதானே கிடக்கு."

"எங்க ஆளுங்களுக்கு எழுதத் தெரிஞ்சா அறிவுநீர் எதுக்கு வாங்கறோம்?"

வாசலில் வேன் வந்து நின்றது. தலைமை நர்ஸ் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அடுக்கைப் பார்த்தார். விரலை நாக்கில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு அவர் விரலைப் பார்த்தார்கள். இயந்திரங்கள்கூட நின்றிருந்தன.

"நூத்தி எழுபத்தொன்பது," என்றார்.

மனைவி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் இயக்குநரைப் பார்த்தார். தலைமை நர்ஸும் மெல்லத் திரும்பி, மகப்பேறு வார்டைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்து இல்லைன்னு சொன்னேனா, இல்லையா?"

"இதோ வந்துடும்மா," என்றார் கடைக்காரர். "சார், அதைக் குடுங்க சார். உங்களுக்கு வேற ஏதாவது தர்றேன்."

இயக்குநர் விரிப்பை இரண்டு கையாலும் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முப்பது வருட அனுபவம் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"இப்பவே கழட்டிக் குடுத்துடறேன். ஒரே ஒரு கிழமை சொல்லுங்க. திங்களா, வியாழனா?"